கேட்டால்தான் சொல்வார்கள்

(போர்க்கால நினைவுகளை வாய்மொழியாகப் பதிவு செய்வது குறித்து, சிவகங்கைச் சீமையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்லாந்தில் காஞ்சனபுரி என்று ஓர் ஊர். அங்கே ஒரு போர்க்கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல்லை ஒட்ட வெட்டி, வரிசை பிசகாமல் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கல்லறைகளில் பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய ராணுவம், சயாம் என்று நம்மவர் சொன்ன தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வேலை செய்து செத்தவர்கள்.

அந்தப் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். மலையையும் காட்டையும் வெட்டிச் செய்த அந்த வேலைக்கு 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையினர் அவர்கள் இல்லை. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அவர்களோடு மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் என்று ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர். இந்தத் தொகை யாரும் எண்ணிச் சொன்னதில்லை. அங்கும் இங்கும் கிடைத்த குறிப்புகளை வைத்து ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். கைதிகள் கணக்கில் ஆள்வாரியாகப் பெயர் இருக்கிறது. கூலிகள் கணக்கில் பல்லாயிரம் பேர் முன்னே பின்னே போனாலும் தட்டிக் கேட்க ஆளில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? கைதிகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. அதிகாரிகள் இருந்தார்கள். டாக்டர்கள் இருந்தார்கள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் காவலர்கள் கண்ணில் படாமல் நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் அது புத்தகமாக வந்தது. 1945இல் போர் முடிந்த கையோடு கல்லறை ஆணையத்தின் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் போய்க் காட்டுக்குள் கிடந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளின் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. தோட்டத்துக் கூலியைத் தேடி அப்படிப் போக எந்த அரசும் குழு அமைக்கவில்லை. 1957இல் 'குவாய் நதிப் பாலம்' படம் வந்து உலகமே பார்த்தது. நம் பக்கத்து இலங்கையில், கித்துல்கலவில் பிடித்த படம். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதையில் தமிழன் ஒருவன் மண் சுமந்தான் என்றே தெரிய வாய்ப்பில்லை.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், போரில் யாருடைய பெயர் ஏட்டில் ஏறியதோ அவர்களைப் பற்றி எழுத வரலாற்றாசிரியருக்கு ஏடு போதும். ஏட்டில் ஏறாதவர்களுக்கு மனிதர்களின் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அந்த ஞாபகம் தானாக வெளியே வராது. 'பாவம், அவர்கள் மௌனமாகவே இருந்துவிட்டார்கள்' என்று நாம் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அவர்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்வார்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊரிலா போர் நடந்தது?

'அய்யா, நம்ம பக்கம் போரே நடக்கலையே, யாரைப் போய்க் கேட்பது?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் போன சீமை இது. செட்டியார் வட்டிக்கடை வைக்கப் போனார். கடையில் கணக்கெழுத ஒருவர், சமைக்க ஒருவர், வயலில் இறங்க, துறைமுகத்தில் மூட்டை தூக்க, ரப்பர் பால் வெட்ட என்று பின்னாலேயே ஆயிரமாயிரம் பேர் போனார்கள்.

1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், தாமு வழியாக மணிப்பூருக்கும், இன்னும் வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். கப்பலிலும் காலாலும் வந்து சேர்ந்த இந்தியர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். வழியில் காலராவாலும் பசியாலும் விழுந்தவர்கள் பல்லாயிரம். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்து வந்ததைப் புத்தகமாகவே எழுதினார். எழுதத் தெரிந்தவர் எழுதினார். அதே பாதையில் கைக்குழந்தையோடு வந்த எழுதப் படிக்கத் தெரியாத பெண் என்ன பார்த்தாள் என்பதை அவள் பேரனோ பேத்தியோதான் இனிச் சொல்ல வேண்டும். அந்தப் பேரன் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம்.

வெளிநாடு போகாத குடும்பத்துக்கும் போர் வந்தது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. சென்னைப் பட்டணம் காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினார்கள். அதைவிட முக்கியம், பர்மா அரிசி வருவது நின்றது. 1943இல் சென்னையில் ரேஷன் வந்தது. நெல்லுச்சோறு தின்ற வீடுகள் கம்புக்கும் கேழ்வரகுக்கும் மாறின. மண்ணெண்ணெய் இல்லை, துணி இல்லை. அடுப்படியில் நின்றவர்கள் அத்தனை பேரும் அந்தப் போரின் சாட்சிகள். ஒரு வீட்டில் 'சண்டைக் காலத்தில் இந்த வீட்டில் என்ன சமைத்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் போர் வரலாறு கிடைக்கும்.

முன்னே போனவர்கள்

நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது புதிய துறையும் இல்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948இல் வாய்மொழி வரலாற்றுக்கு ஓர் அலுவலகம் தொடங்கினார். அங்கே முதலில் பெரிய மனிதர்களைத்தான் கேட்டார்கள். பிறகுதான் சாதாரண மக்கள் பக்கம் ஒலிவாங்கி திரும்பியது. பெலாரூசைச் சேர்ந்த ஸ்வெத்லானா அலெக்சியேவிச், போரில் பங்கேற்ற சோவியத் பெண்களைத் தேடித் தேடிப் பேசினார். அந்தப் போரில் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். வெற்றி விழாக் கதைகளில் அவர்களுக்கு ஒரு மூலைதான். 1985இல் அவர் புத்தகம் வந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். அவர் எழுத்தாளர். கேட்டதைச் செதுக்கி இலக்கியம் ஆக்கினார். நாம் ஆவணம் சேர்க்கிறவர்கள். நாம் செதுக்கக் கூடாது.

நமக்கு மிக அருகில் இருக்கும் முன்மாதிரி சிங்கப்பூர். அங்கே 1979இல் அரசே வாய்மொழி வரலாற்றுக்கு ஒரு பிரிவை ஏற்படுத்தியது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பெரிய வேலைகளில் ஒன்று ஜப்பான் ஆட்சிக்காலம். ஆங்கிலம், சீனமொழிகள், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் பேட்டிகள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அப்போது பேசியவர்களில் மிகப் பலர் இன்று உயிரோடு இல்லை. இன்னும் பத்தாண்டு போகட்டும் என்று அவர்கள் தள்ளிப்போட்டிருந்தால் அந்தக் குரல்கள் கிடைத்திருக்காது.

தமிழில் இலக்கியம் இந்த வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறது. நம் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானில் போர்க்காலத்தைக் கண்டவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நாவல் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். 2023இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல்லும் எழுந்தது. நாவலும் நடுகல்லும் வேண்டியவைதான். ஆனால் நாவல் ஒருவருடைய கற்பனை வழியாக வருகிறது, கல் பேசாது. அனுபவித்தவர் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அவை ஈடாக மாட்டா.

என்ன கேட்பது

இனி வேலைக்கு வருவோம். 'போர்க்காலம் எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். 'ரொம்பக் கஷ்டம்பா' என்று பதில் வரும். அத்தோடு முடிந்தது. 'அப்போது நீங்கள் எந்த வீட்டில் இருந்தீர்கள்? வீட்டில் யார் யார் இருந்தார்கள்? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? உடம்பில் என்ன துணி?' என்று கேளுங்கள். மலேயாவில் இருந்தவரானால் மரவள்ளிக் கிழங்கு வரும், சாக்கை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டது வரும், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு வரும். நோட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் விலைவாசி வரும். விலைவாசியிலிருந்து கறுப்புச்சந்தை வரும். அங்கிருந்து யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பது வரும். சின்ன விஷயத்தின் வாலைப் பிடித்தால் பெரிய விஷயம் தானாக வந்து நிற்கும்.

வருடம் கேட்டால் பலருக்குச் சொல்ல வராது. அதற்காக ஞாபகம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 'அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா? பெரிய புயலுக்கு முன்னாலா? மாரியம்மன் திருவிழா நடந்ததா நிறுத்திவிட்டார்களா?' என்று கேட்டால் மாதக்கணக்கில் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் பேட்டிக்குப் போகுமுன் நாம் இரண்டு பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று போரின் தேதிகள். இன்னொன்று அந்த ஊரின் தேதிகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதுதான் பாதி வேலை.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். பெரியவர் பேச்சை நிறுத்தியதும் அடுத்த கேள்வியைத் தூக்கிப் போடுகிறோம். அவர் யோசிக்கிறார் என்று நமக்குப் படுவதில்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டாவது ஒன்பதாவது எண்ணில் அவர் முக்கியமான விஷயத்தைத் தொடங்குவார். 'ஜப்பான்காரன் ரொம்பக் கொடுமைப்படுத்தினானா?' என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுக்காதீர்கள். 'ஆமா' என்பார். அந்த 'ஆமா' நாம் சொன்னது, அவர் சொன்னதில்லை.

இன்னொரு சிக்கல், கூட இருக்கும் உறவினர். அப்பத்தாவிடம் கேள்வி கேட்டால் மகன் பதில் சொல்வார், மருமகள் திருத்துவார், பேரன் 'அதை விடுங்க அப்பத்தா, அந்தப் பாலம் கதையைச் சொல்லுங்க' என்பான். எல்லாரும் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் பதிவில் அப்பத்தாவைத் தவிர எல்லார் குரலும் இருக்கும். முதல் நாள் கருவியில்லாமல் போய் எல்லாரோடும் பேசிக் காபி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவை அவரோடு தனியாக உட்காருங்கள். பெண்களிடம் பெண்கள் போவது நல்லது. சில விஷயங்களை மருமகள் காதுபடச் சொல்ல முடியாது. சிலவற்றை மகன் முன்னால் சொல்லவே முடியாது.

கண்டது, கேட்டது, படித்தது

1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. இனி நமக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அன்றைய குழந்தைகளின் நினைவும், பெற்றோர் சொல்லக் கேட்ட பிள்ளைகளின் நினைவும்தான். அதனால் ஒரு நபர் சொல்வதை மூன்றாகப் பிரித்துக் குறிக்கப் பழகுங்கள். அவர் கண்ணால் கண்டது. பிறர் சொல்லிக் கேட்டது. பிற்காலத்தில் படித்தது அல்லது படத்தில் பார்த்தது. மூன்றும் ஒரே மூச்சில் கலந்துதான் வரும். 'இதை நீங்களே பார்த்தீர்களா, அப்பா சொன்னாரா?' என்று பணிவாக ஒரு கேள்வி போட்டால் அவரே பிரித்துத் தந்துவிடுவார்.

ஒரு எடுத்துக்காட்டு. இலவச சினிமா என்று கூட்டிக் கொட்டகைக் கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள் என்ற செய்தி மலேயாவில் பலர் வாயில் வருகிறது. ஒருவர் அந்தக் கொட்டகையில் இருந்து தப்பியவராக இருக்கலாம். இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்துகொண்டு கேள்விப்பட்டவராக இருக்கலாம். முதலாமவர் பேச்சு நடந்ததற்கு ஆதாரம். இரண்டாமவர் பேச்சு, அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவி எல்லாரையும் எப்படி நடுங்க வைத்தது என்பதற்கு ஆதாரம். இரண்டும் தேவை. எது எது என்று எழுதிவைத்தால்தான் பயன்.

ஞாபகம் தவறுமே, அதை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். இத்தாலியில் அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளருக்கு ஒரு விசித்திரம் நடந்தது. தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீசோடு நடந்த மோதலில் இறந்தார். இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்து நடந்த போராட்டம், 1949 மார்ச் மாதம். ஆனால் ஊர் மக்களில் பலர் அவர் 1953இல் இறந்ததாகச் சொன்னார்கள். 1953இல் அந்த ஆலையிலிருந்து இரண்டாயிரம் பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள், ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. தங்களுக்கு எது பெரிய அடியோ அதோடு அந்தச் சாவைச் சேர்த்து வைத்துவிட்டது ஊரின் நினைவு. போர்ட்டெல்லி அதைத் தவறு என்று தள்ளிவிடவில்லை. அந்தத் தவறு வழியாகத்தான் அந்த மக்கள் எதை மனதில் சுமந்தார்கள் என்று கண்டார். தேதிக்கு நாம் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சாவு அவர்களுக்கு என்ன பொருள்பட்டது என்பதைச் செய்தித்தாள் சொல்லாது.

ஆகவே தவறு வந்தால் இடைமறித்துத் திருத்தாதீர்கள். அப்படியே பதிவாகட்டும். பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

சொல்லக் கூசுவது

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) மலேயாத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்து வீட்டுப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். குடும்பத்தில் ஒரு சித்தப்பா ஐ.என்.ஏ.யில் இருந்தால் அவர் படம் கூடத்தில் தொங்கும். இன்னொரு சித்தப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்றால் அவர் பேச்சு வராது. தியாகத்துக்கு மேடை இருக்கிறது. கூலியாகப் போய்க் காலராவில் செத்ததைச் சொல்ல மேடை இல்லை. நாம் போய்க் கேட்கும்போதும் முதலில் எடுத்துக் காட்டுவது கூடத்துப் படத்தைத்தான். அதைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்ட பிறகு, 'வீட்டிலிருந்து வேறு யாராவது போனார்களா?' என்று கேளுங்கள்.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கேட்டபோது, யாரை அனுப்புவது என்பதில் உள்ளூர்க்காரர் கையும் இருந்தது. மேற்பார்வை பார்த்த கங்காணி, கணக்கெழுதிய கிராணி என்று, தோட்டத்து லயங்களில் குடியிருந்தவர்களின் பெயரையெல்லாம் அறிந்தவர்கள் இருந்தார்கள். ஒரே தோட்டத்தில் ஒரு குடும்பம் கங்காணியைக் காப்பாற்றியவர் என்று சொல்லும், இன்னொரு குடும்பம் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்லும். இரண்டையும் பதிவு செய்யுங்கள். நாம் நீதிமன்றம் நடத்தவில்லை. அதே சமயம், இறந்துபோன ஒருவர்மீது பழி சுமத்தும் பேச்சைப் பெயரோடு ஊருக்குப் போட்டுக்காட்டவும் நமக்கு உரிமையில்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அழுதால் என்ன செய்வது? கருவியை நிறுத்தலாமா என்று கேளுங்கள். தண்ணீர் கொடுங்கள். தொடர வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கண்ணீரைக் கேமராவில் நெருக்கமாகப் பிடிக்கும் ஆசை வந்தால், அந்த இடத்தில் உங்கள் தாயார் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு வாருங்கள், இரண்டு நாள் கழித்து ஒரு போன் போடுங்கள்.

கொடுக்கும் வாக்கு

ஒப்புதல் வாங்குவதைச் சடங்காக நினைக்கிறோம். அதன் விலை என்ன என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்திய பழைய ஆட்களிடம் 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் பேட்டி எடுத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் பதிவுகளை வைத்தார்கள். 'நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே விடமாட்டோம்' என்று பேசியவர்களுக்கு உறுதி சொல்லப்பட்டது. 2011இல் வட அயர்லாந்துப் போலீஸ் அமெரிக்க நீதிமன்றம் வழியாகப் பதிவுகளைக் கேட்டது. சட்டப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு பகுதி கைமாறியது, கைதுகளும் நடந்தன. ஆய்வாளர் கொடுத்த வாக்கு சட்டத்தின் முன்னால் நிற்கவில்லை. அதனால், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். இதை யார் கேட்பார்கள், எங்கே இருக்கும், எந்தப் பகுதியை மூடி வைக்கலாம், பிறகு மனம் மாறினால் என்ன செய்யலாம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதவரானால் ஒப்புதலையும் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.

எண்பது ஆண்டு பழைய போருக்கே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், அண்மைப் போருக்கு இன்னும் பல மடங்கு வேண்டும். நமக்குப் பக்கத்தில் மண்டபம் முகாம் இருக்கிறது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம். 1983க்குப் பிறகு இலங்கைப் போருக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவர்களை ஏற்ற இடமும் அதுதான். அங்கே இருப்பவர்களிடம் நினைவு பச்சையாக இருக்கிறது. உறவினர்கள் இன்னும் அக்கரையில் இருக்கிறார்கள். ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி வெளியே போனால் யாருக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது. அவர்களிடம் ஆர்வக்கோளாறில் போன் கேமராவோடு போகாதீர்கள். அவர்களாகப் பேச விரும்பினால், அவர்கள் சொல்லும் நிபந்தனைப்படி, பெயரை மறைத்து, பூட்டி வைக்கும் ஏற்பாட்டோடுதான் செய்ய வேண்டும். சில பதிவுகளை முப்பது ஆண்டு யாரும் திறக்காமல் வைத்திருப்பதும் நம் வேலைதான்.

கருவியும் கையெழுத்தும்

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். இன்றைய கைபேசியும் சட்டையில் குத்தும் ஒரு சின்ன ஒலிவாங்கியும் போதும். போனை விமான நிலையில் போடுங்கள். மின்விசிறி, டி.வி., குக்கர் விசில் மூன்றும்தான் நமக்கு எதிரிகள். தொடக்கத்தில் தேதி, ஊர், யார் கேட்கிறார், யார் சொல்கிறார் என்று குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பெரியவர்களை உட்காரவைக்காதீர்கள். பழைய படம், கடிதம், பாஸ்போர்ட், ரேஷன் அட்டை இருந்தால் அங்கேயே படமெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆவணத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

எழுத்தில் பெயர்ப்பதுதான் உண்மையான உழைப்பு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு முழு நாள் போய்விடும். அப்போது ஒரு சபலம் வரும். 'போயிட்டாக' என்று அவர் சொன்னதைச் 'சென்றுவிட்டனர்' என்று எழுதக் கை போகும். விடாதீர்கள். அவர் எந்த ஊர், எந்தத் தொழில், எத்தனை வருடம் மலேயாவில் இருந்தார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தைப் 'பெரட்டுக்களம்' என்று அவர் சொன்னால் பெரட்டுக்களம்தான். புரியாதவர்களுக்கு அடியில் விளக்கம் எழுதலாம். பதிவுக்கு மூன்று பிரதி வைத்து, ஒன்றை வேறு ஊரில் வைத்துவிடுங்கள். ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும். கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்காத பதிவு, எடுத்துக்கொண்டு போனதாகத்தான் கணக்கு.

உடனடியாகச் செய்ய வேண்டியது

இந்த வட்டத்தில் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மாணவர்கள் கேட்கப் போகட்டும், எப்போதும் இரண்டிரண்டு பேராக, அதில் ஒருவர் பெண்ணாக. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எழுத்தில் பெயர்க்கட்டும். ஊர்ப் பழக்கவழக்கம் தெரிந்தவர்கள் அந்த இரண்டு தேதிப் பட்டியலையும் தயார் செய்யட்டும். நூலகத்தில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் ஒதுக்கச் சொல்லி நூலகரிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பதிவு திறந்தது, எது மூடியது, எந்த ஆண்டு வரை என்று அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

யாரிடம் முதலில் போவது என்றால், வயதில் மூத்தவரிடம் போங்கள். நன்றாகக் கதை சொல்பவரை அடுத்த மாதமும் பார்க்கலாம். தொண்ணூறு வயதுக்காரர் அரைகுறையாகச் சொன்னாலும் அவர்தான் முதலில். அவருக்கு அடுத்து, பர்மாவிலோ மலேயாவிலோ ஆளை இழந்த வீடுகள். அங்கே முதலில் கேட்க வேண்டியவை, போனவரின் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், கடைசியாகக் கடிதம் வந்தது எப்போது. இந்த நான்கும் கிடைத்தால், மலேசியாவிலும் தாய்லாந்திலும் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் தங்களிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரு பக்கத்தில் அரைத் தகவல், மறுபக்கத்தில் அரைத் தகவல் என்று கிடப்பதைச் சேர்க்கச் சம்பளம் வாங்கும் அதிகாரி யாரும் வரப்போவதில்லை. உள்ளூர்க்காரர்கள்தான் செய்தாக வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு என்மீது இல்லாத நம்பிக்கை உங்கள்மீது உண்டு. வெளியூர் ஆய்வாளர் ஒரு வருடம் பழகிச் சம்பாதிக்க வேண்டியது உங்களுக்குப் பிறந்தபோதே கிடைத்துவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வீட்டில் போர்க்காலத்துப் பேச்சுக் கேட்டு வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், கேள்வியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் அவர்களே பேசட்டும்.